வெளிநாட்டு பைலட் லைசென்ஸ் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலைக்காக இல்லை, ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்க வேண்டும். விடுப்புப் போட்டுவிட்டு வெளிநாட்டுக்கு, அநேகமாக அமெரிக்காவுக்கு, போய் பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், அதை வைத்து வசிக்கும் நாட்டிலும் போகிற இடங்களிலும் பறக்கலாமா? 'அது ஐகாவோ லைசென்ஸ், உலகம் முழுக்கச் செல்லும்' என்கிறார் ஒரு நண்பர் (ஐகாவோ என்பது ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு). 'எல்லையைத் தாண்டினால் அது வெறும் அட்டை' என்கிறார் இன்னொருவர். மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்று ஒரு பள்ளி சொல்கிறதாம், நம்பலாமா? நண்பர்களை ஏற்றிக்கொண்டு போனால் செலவைப் பகிரலாமா?

இரண்டு நண்பர்கள் சொல்வதும் பாதி சரி. எந்த நாட்டில் செல்லும் என்று கேட்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எந்த விமானத்தில் செல்லும் என்று கேட்டால் பாதி விடை உடனே கிடைத்துவிடும்.

1944-இல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 32-ஆவது பிரிவில் இதற்கான விதி இருக்கிறது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தை ஓட்டுபவரிடம், அந்த விமானம் பதிவாகியிருக்கும் நாடு கொடுத்த உரிமம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு நாட்டு உரிமத்தை அந்தப் பதிவு நாடு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் பதிவு எழுத்தை. 'என்' என்று தொடங்கினால் அமெரிக்கா, 'ஜி' என்றால் பிரிட்டன், 'டி' ஜெர்மனி, 'சி' கனடா, 'விஎச்' ஆஸ்திரேலியா, 'விடி' இந்தியா.

ஒரு எடுத்துக்காட்டு. எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத் துறை, கொடுத்த உரிமம் உங்களிடம் இருக்கிறது. 'என்' விமானத்தை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவிலிருந்து பஹாமாஸுக்கோ கனடாவுக்கோ பறந்து போகலாம். உரிமத்தைப் பொறுத்தவரை யாரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கனடாவில் இறங்கி, அங்கே ஒரு கிளப்பில் நிற்கும் 'சி' விமானத்தை ஒரு மணி நேரம் ஓட்ட ஆசைப்பட்டால் கனடாவின் அனுமதி வேண்டும். அதே வான்வெளி, அதே மாடல் செஸ்னா, அதே விமானி. மாறியது பதிவு எழுத்து மட்டும்தான்.

சரி, அப்படியானால் வசிக்கும் நாட்டில் ஒரு 'என்' விமானத்தைத் தேடிப் பிடித்து ஓட்டிக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அதே 32-ஆவது பிரிவின் இரண்டாம் பத்தி, ஒரு நாடு தன் குடிமக்கள் வேறு நாட்டில் வாங்கிய உரிமத்தைத் தன் வான்வெளியில் ஏற்க மறுக்கலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் கதவை மூடியது. அங்கே குடியிருப்பவர் அமெரிக்கப் பதிவு விமானத்தை அங்கே ஓட்டினாலும், 2022 ஜூன் முதல் ஈயாசா எனப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் விதிப்படியான உரிமமும் கையில் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக எஃப்ஏஏ அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பறந்தவர்கள் அப்போது மறுபடி புத்தகத்தை எடுத்து உட்கார வேண்டியதாயிற்று.

ஆகவே என் யோசனை எளிமையானது. பள்ளியைத் தேடுவதற்கு முன்னால், லைசென்ஸ் வாங்கிய மறு வருஷம் எந்த விமானநிலையத்தில், எந்தப் பதிவு எழுத்துள்ள விமானத்தை வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 'அங்கே மணிக்கு இவ்வளவுதான் செலவு' என்ற இடத்திலிருந்து தொடங்குபவர்கள்தான் பிறகு இரண்டாவது முறை செலவு செய்கிறார்கள்.

ஒரு நாட்டு உரிமத்தை இன்னொரு நாடு ஏற்கும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று வேலிடேஷன். உங்கள் பழைய உரிமத்தின் மேல் சாய்ந்து நிற்கும் ஓர் அனுமதிச் சீட்டு. சில மாதங்களுக்கோ ஒரு வருஷத்துக்கோ இருக்கும், பழையது செத்தால் அதுவும் செத்தது. மற்றது கன்வெர்ஷன். அந்த நாட்டின் சொந்த உரிமத்தையே வாங்கிவிடுவது. சுற்றுலாவில் நாலு நாள் பறக்க முதல் வழி போதும். குடியேறப் போகிறவருக்கு இரண்டாவதுதான் சரி.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விசித்திரப் பிறவி அமெரிக்காவின் 61.75 சான்றிதழ். விதி எண்ணையே பெயராக வைத்து அழைக்கிறார்கள். வேறொரு ஐகாவோ நாட்டில் பிபிஎல் வாங்கியவருக்கு, புதிதாக எழுத்துத் தேர்வோ பறப்புத் தேர்வோ இல்லாமல், அதன் அடிப்படையில் அமெரிக்கத் தனியார் விமானி சான்றிதழைக் கொடுக்கிறது இந்த விதி. முதலில் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் உங்களுக்கு உரிமம் கொடுத்த நாட்டுக்கு எழுதி, இது உண்மையான உரிமம்தானா என்று கேட்பார்கள். உங்கள் நாட்டு அலுவலகம் பதில் போடும் வேகத்தைப் பொறுத்து இதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சரிபார்ப்புக் கடிதம் வந்தால் அது ஆறு மாதம் செல்லும். அதற்குள் அமெரிக்காவில் நேரில் ஆஜராகி, ஆங்கிலம் பேசிக் காட்டி, தற்காலிகச் சான்றிதழை வாங்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு பயிற்றுநரோடு உட்கார்ந்து 'ஃப்ளைட் ரிவ்யூ' முடித்தால்தான் பறக்க முடியும்: குறைந்தது ஒரு மணி நேரம் தரையில், ஒரு மணி நேரம் வானில். அமெரிக்காவில் கூடுதலாக அமெரிக்க மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்று, எடுக்க வேண்டியதில்லை. உரிமம் கொடுத்த நாட்டின் மெடிக்கலே போதும்.

இந்த அட்டையில் உங்கள் பழைய உரிமத்தின் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணுள்ள உரிமம் உயிரோடு இருந்து, உங்கள் பையிலும் இருந்தால்தான் இந்த அட்டை செல்லும். சாதாரணமாகத் தோன்றும் இந்த வரியில்தான் பிரிட்டன் விமானிகள் பலர் மாட்டினார்கள். அங்கே உரிமங்களின் எண் வடிவம் மாற்றப்பட்டபோது, அமெரிக்க அட்டையில் பழைய எண்ணே இருந்ததால் அது செல்லாததாகிவிட்டது. திரும்பவும் சரிபார்ப்பு, திரும்பவும் அலுவலகம். எண் மாறினாலோ உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றினாலோ முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: 61.75 அட்டைக்கு அடிப்படையாகக் காட்டும் உரிமமே வேறொரு நாட்டு உரிமத்தின் மேல் நிற்பதாக இருக்கக் கூடாது. ஏணி மேல் ஏணி வைக்க முடியாது. 2025 முதல், அமெரிக்காவில் முகவரி இல்லாத எஃப்ஏஏ சான்றிதழ்க்காரர்கள் எல்லோரும், இந்த வகைக்காரர்களும் சேர்த்து, அங்கே கடிதங்களைப் பெற்றுக்கொள்ள ஒரு முகவரை நியமித்திருக்கவும் வேண்டும்.

மற்ற நாடுகளில் இவ்வளவு தாராளம் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய பிபிஎல்லை ஈயாசா உரிமமாக மாற்றுவதற்கான பொது விதியில் 100 மணி நேர அனுபவம், வான் சட்டத்திலும் மனிதத் திறன் பாடத்திலும் தேர்ச்சி, இரண்டாம் வகுப்பு மெடிக்கல், பறப்புத் தேர்வு எல்லாம் உண்டு. அந்த 100-ஐக் கவனியுங்கள். 60 மணி நேரத்தில் லைசென்ஸ் முடித்துக்கொண்டு சூட்டோடு சூடாக ஐரோப்பாவில் போய் நிற்பவருக்கு மாற்றும் தகுதியே இன்னும் வந்திருக்காது. அமெரிக்க உரிமத்துக்கு மட்டும், ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் 2021-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி தனிப்பாதை இருக்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2006-லிருந்தே ஒருவர் உரிமத்தை இன்னொருவர் சுலபமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். முழுத் தேர்வு கிடையாது, விதிமுறை வித்தியாசங்கள் பற்றிய ஒரு சிறு தேர்வு போதும். உறவு கெட்டால் தலைகீழாகவும் நடக்கும். பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு, 2020 கடைசியோடு பிரிட்டிஷ் உரிமம் ஐரோப்பியப் பதிவு விமானங்களுக்குச் செல்லாமல் போயிற்று. முந்தின நாள் வரை இரண்டும் ஒரே உரிமம்.

மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும் சின்ன உரிமங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஸ்போர்ட் பைலட், ஐரோப்பாவின் எல்ஏபிஎல் என்ற இலகு விமான உரிமம், ஆஸ்திரேலியாவின் ரெக்ரியேஷனல் உரிமம் எல்லாம் உள்ளூருக்கு நல்லவை. ஆனால் ஐகாவோவின் முதலாம் இணைப்பு சொல்லும் தரத்துக்குக் கீழே நிற்பவை. 61.75-க்கோ வேறு நாட்டு வேலிடேஷனுக்கோ இவற்றை நம்ப வேண்டாம்.

இனி, அமெரிக்காவில் போய்க் கற்கும் விஷயம். சுற்றுலா விசாவில் போய் லைசென்ஸ் பயிற்சி எடுக்க முடியாது. எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசா வேண்டும். அதற்கு ஐ-20 எனப்படும் மாணவர் சேர்க்கைப் படிவம் கொடுக்கும் அனுமதி பள்ளிக்கு இருக்க வேண்டும். எஃப்ஏஏ விதிகளின் பகுதி 141-இன் கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பலவற்றுக்கு அது உண்டு. பகுதி 61-இன் கீழ் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. அப்புறம் டிஎஸ்ஏ எனப்படும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் சோதனை. கைரேகை கொடுத்து, அவர்கள் ஒப்புதல் வந்த பிறகே முதல் லைசென்ஸுக்கான பயிற்சியைத் தொடங்கலாம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் இரட்டை எஞ்சினுக்கும் இதே கதைதான். ஆனால் 61.75 அட்டைக்காரர் செய்யும் ஃப்ளைட் ரிவ்யூவுக்கு இது தேவையில்லை. அதனால்தான் வேறு இடத்தில் லைசென்ஸ் முடித்தவர்கள் பறக்கும் மணிகளைச் சேர்க்க மட்டும் அமெரிக்கா போவது இவ்வளவு பிரபலம்.

மெடிக்கலை முதலில் முடியுங்கள். பயணச்சீட்டுக்கும் முன்னால், முன்பணத்துக்கும் முன்னால். எந்த நாட்டின் உரிமத்தைக் கடைசியில் வைத்திருக்கப் போகிறீர்களோ அந்த நாட்டு மெடிக்கல். நிறம் பிரித்தறியும் சோதனையில் ஒரு நாடு விட்டுவிடும், இன்னொரு நாடு விடாது.

மூன்று வாரக் கணக்குக்கு வருகிறேன். ஐகாவோவின் குறைந்தபட்சம் 40 மணி நேரம். பகுதி 141 பள்ளியில் 35, ஐரோப்பாவில் 45. இவை சட்டம் போட்ட தரை. பெரும்பாலோர் அமெரிக்காவில் 60-ஐத் தொட்டுவிட்டுத்தான் தேர்வுக்குப் போகிறார்கள். நாளுக்கு இரண்டு முறை பறந்து, எழுத்துத் தேர்வை வருவதற்கு முன்பே படித்து வைத்து, வானிலையும் ஒத்துழைத்தால் மூன்று வாரத்தில் பயிற்சியை முடிப்பது சாத்தியம்தான். ஆனால் இறுதித் தேர்வை எடுப்பவர் பெரும்பாலும் பள்ளிக்காரர் இல்லை. எஃப்ஏஏ நியமித்த தேர்வாளர். அவரிடம் தேதி கிடைக்கப் பல இடங்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மணிக்கு எவ்வளவு என்பது இல்லை. தேர்வாளர் தேதிக்கு இப்போது எத்தனை நாள் ஆகிறது? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? விமானம் பராமரிப்புக்குப் போனால் மாற்று விமானம் உண்டா? இவற்றைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். மாணவர் பணத்தோடு ஒரே இரவில் கதவடைத்த பள்ளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. பறக்கப் பறக்கக் கட்டுவது கொஞ்சம் கூடுதல் செலவானாலும் தூக்கம் வரும்.

படிப்பின் அளவிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் தனியார் உரிமத்துக்கு ஒரே எழுத்துத் தேர்வு, 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஐரோப்பாவில் ஒன்பது பாடம், ஒவ்வொன்றிலும் 75. இதைப் பார்த்து அமெரிக்கா சுலபம் என்று நினைக்க வேண்டாம். அங்கே தேர்வாளர் பறப்புக்கு முன்னால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நேருக்கு நேர் கேள்வி கேட்பார். மனப்பாடம் செய்தவர் அங்கே தெரிந்துவிடுவார். ஐரோப்பிய அல்லது பிரிட்டிஷ் உரிமம்தான் கடைசி இலக்கு, அமெரிக்க வெயிலும் வேண்டும் என்றால், அமெரிக்க மண்ணிலேயே அந்த உரிமங்களுக்குப் பயிற்சி தர அங்கீகாரம் பெற்ற சில பள்ளிகள் இருந்துவந்திருக்கின்றன. அந்த அங்கீகாரம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று பள்ளியிடம் கேட்காமல், அங்கீகாரம் கொடுத்த துறையின் பட்டியலில் பாருங்கள்.

அடுத்தது லாக்புக், அதாவது பறந்த நேரத்தையெல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்றும் நேரத்தில் கைவிட்டுப் போவது பணத்தைவிட அதிகமாக மணிகள்தான். அமெரிக்க விதிப்படி, தான் ஓட்டத் தகுதி பெற்ற விமானத்தில் கட்டுப்பாட்டைத் தனியாகக் கையாண்டவர் அந்த நேரத்தை பிஐசி, அதாவது தலைமை விமானி நேரம், என்று எழுதிக்கொள்ளலாம். பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாலும்கூட. ஒருவர் வெளியே தெரியாதபடி முகமறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளைப் பார்த்து ஓட்ட, இன்னொருவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தால், இருவருமே அந்த ஒரு மணியை பிஐசி என்று எழுத வழியிருக்கிறது. அமெரிக்காவில் இது முழுக்கச் சட்டப்படியானது. ஐரோப்பிய அலுவலகத்தில் இந்த லாக்புக்கை நீட்டினால் பென்சிலை எடுத்துக்கொண்டு அடிக்கத் தொடங்குவார்கள். அங்கே பயிற்றுநரோடு பறந்தால் அது பயிற்சி நேரம், அவ்வளவுதான். ஒரு விமானத்தில் ஒரு தலைமை விமானிதான். நூறு மணி பிஐசி என்று நம்பிப் போனவர் எழுபதோடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

கிராஸ் கன்ட்ரி, அதாவது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் நேரமும் இப்படித்தான். அமெரிக்காவில் தனியார் உரிமத்துக்குக் கணக்கில் சேர, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல்மைலுக்கு மேல் உள்ள இடத்தில் இறங்க வேண்டும். வேறு நாடுகளில் வேறு அளவு. ஆகவே முதல் நாளிலிருந்தே லாக்புக்கில் கூடுதலாக இரண்டு பத்தி போட்டு வையுங்கள்: கடைசி இலக்கு நாட்டின் விதிப்படி எது பிஐசி, எது கிராஸ் கன்ட்ரி என்று. ஒவ்வொரு பயிற்சிப் பறப்புக்கும் பயிற்றுநரின் கையெழுத்தும் அவரது சான்றிதழ் எண்ணும் அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்து அவர் ஏதாவது ஏர்லைனில் சேர்ந்து எங்கேயோ போயிருப்பார்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும், புதிய நாட்டு வான்வெளியில் முதல் சில மணிநேரம் ஓர் உள்ளூர்ப் பயிற்றுநர் பக்கத்தில் இருப்பது நல்லது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் உயரமானியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காற்றழுத்தத்தை அங்குலப் பாதரசத்தில் சொல்வார்கள், சராசரி 29.92. ஐரோப்பாவில் ஹெக்டோபாஸ்கல், அதே சராசரி அங்கே 1013. வானிலை மோசமான ஒரு நாள் கட்டுப்பாட்டு அறை 'நைன் நைன் டூ' என்கிறது. அமெரிக்கப் பழக்கத்தில் ஊறிய கை தானாக 29.92-க்குத் திருகும். அவர்கள் சொன்னதோ 992 ஹெக்டோபாஸ்கல். இரண்டுக்கும் 21 ஹெக்டோபாஸ்கல் இடைவெளி, உயரத்தில் ஏறக்குறைய 600 அடி. முள் 1,000 அடி காட்டும்போது விமானம் உண்மையில் 400 அடியில் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மேல் அமெரிக்காவில் 18,000 அடி வரைக்கும் உள்ளூர் அழுத்தத்திலேயே பறந்தவர், பிரிட்டனில் பல இடங்களில் 3,000 அடியைத் தாண்டியதுமே 1013-க்கு மாற்ற வேண்டியிருக்கும். ரேடியோவும் அப்படியே: அமெரிக்காவில் முன்னால் இரண்டு விமானம் இருக்கும்போதே 'இறங்க அனுமதி, நீங்கள் மூன்றாவது' என்பார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஓடுபாதை காலியாகும் வரை அந்த அனுமதி வராது. வராத அனுமதியை வந்ததாக நினைத்துக்கொள்வது பெரிய வம்பு.

உரிமத்தைக் காப்பாற்றும் விதிகளும் தனித்தனி. அமெரிக்கச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, 24 மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளைட் ரிவ்யூ வேண்டும். ஐரோப்பாவில் ஒற்றை எஞ்சின் ரேட்டிங் இரண்டு வருஷம். இரண்டாவது வருஷத்தில் 12 மணி நேரம் பறந்து, அதில் ஒரு மணி பயிற்றுநரோடு இருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டு உரிமமும் வைத்திருப்பவர் பயிற்றுநர் பறப்பை இரண்டு கணக்கிலும் சேர்கிற மாதிரி திட்டமிடலாம், இரண்டுக்கும் தகுதியுள்ள பயிற்றுநர் கிடைத்தால்.

கடைசிக் கேள்வி, செலவுப் பகிர்வு. அமெரிக்கத் தனியார் உரிமத்தில், 61.75 அட்டையும் இதில் அடக்கம், எரிபொருள், எண்ணெய், விமானநிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றைத் தலைக்குச் சமமாகப் பிரிக்கலாம். விமானி தன் பங்கைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது, போகிற இடத்தில் அவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். தெரிந்த நண்பர்கள் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பொதுவில் 'இருக்கை காலி' என்று அறிவித்து ஆள் சேர்த்தால் அது வணிகப் போக்குவரத்து. ஃபிளைட்நவ் என்ற இணையதளம் இதை எதிர்த்து வழக்காடி 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஐரோப்பாவில் விமானியையும் சேர்த்து ஆறு பேர் வரை நேரடிச் செலவைப் பகிரலாம், இணையத்தில் ஆள் சேர்ப்பதற்கும் அங்கே தடையில்லை. வாடகைக்குக் கொடுக்கும் கிளப்பின் காப்பீடு இதையெல்லாம் ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி; அதை நண்பர்களிடம் பணம் வாங்குவதற்கு முன்பே கிளப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.